லுமுட் ஆற்றில் முதலில் வரும் கயிறு

“…சுடுகாட்டுக்குத்தான் பொம்பள வரக்கூடாதுன்னீங்க, வரல. கடலுக்குமா வரக்கூடாது? அது யாரு வீட்டுச் சட்டம், மணியம்?”

கேட்டபடியே சரோஜா அக்கா வேனில் ஏறி, சிவப்புத் துணி சுற்றிய அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஏழு மணி. ஈப்போவுக்குப் பக்கத்தில், ஜெலாப்பாங். ஸ்டியரிங் பிடித்திருந்த மணியம், அக்காவின் கணவர், இறந்துபோன கோபால் அண்ணனின் தம்பி. அஸ்தி கரைக்க மகன் போவான், இல்லாவிட்டால் தம்பி போவான். பெண்கள் வீட்டில் இருப்பார்கள். அது அவர்கள் குடும்ப வழக்கம். அக்காவுக்கு ஒரே மகள், அவளும் கைக்குழந்தைக்காரி.

பக்கத்து வீட்டுக்காரன் நான், துணைக்கு ஏறினேன். அஸ்தி கரைக்கப் போகும் லுமுட்டைப் பெரிய கப்பல் மையமாக ஆக்கப்போகிறார்களாமே, அந்த வேலைகளைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. துக்க வேனில் ஆசையையும் ஏற்றிக்கொண்டது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

ஈப்போவிலிருந்து லுமுட் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டியதும் இருபுறமும் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள். எங்களைச் சுண்ணாம்புக்கல் லாரிகள் முந்திக்கொண்டு போயின.

“பாத்தீங்களாண்ணே? நம்ம ஈப்போ மலையெல்லாம் பொடியாகிக் கப்பல் ஏறுது. பாக்கி இருக்கிறது நாமதான்” என்றார் மணியம்.

“அவரு அந்தப் பொடியத் தின்னுதான்லா எங்களுக்குச் சோறு போட்டாரு” என்றார் அக்கா.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் கோபால் அண்ணன். மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது துறைமுக ஜெட்டியில், கப்பல் அணையும் மேடையில், வேலைக்குச் சேர்ந்தார். கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்து, இரும்புக் குற்றியில் மாட்டும் வேலை. மாட்டியதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கப்பலில் கயிற்றை இறுக்குவார்களாம்.

“வீட்டுல கொசுவலை கட்டினாக்கூட ரெண்டு கையையும் தூக்கிட்டு நிப்பாரு. ‘யோவ், இது கப்பல் இல்லய்யா, கைய கீழ எறக்கு’ன்னு நான் கத்தணும்.”

மணியம் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “அந்த ஜெட்டிய பாத்த மாதிரி கரைச்சிடு சரோஜான்னு ஆஸ்பத்திரியில சொன்னாரு. அதுக்குத்தான் வாரேன்.”

“அங்கெல்லாம் இப்ப படகு விடமாட்டாங்க அண்ணி. எல்லாரும் கரைக்கிற கடற்கரையிலேயே கரைச்சிடலாம்.”

அக்கா கலயத்தின் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

ஆயர் தாவாரில் நிறுத்தினோம். ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி, தே தாரிக் தேநீர் இரண்டு வெள்ளி. கலயத்தோடு அடுத்தவர் கடைக்குள் நுழையக் கூடாது, அதைத் தரையிலும் வைக்கக் கூடாது. அக்கா வெயிலில் நின்றார். பாதி ரொட்டியில் எழுந்துபோன மணியம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். “குடுங்க அண்ணி. நீங்க போய்த் தண்ணியக் குடிச்சிட்டு வாங்க.” அதன்பின் கடற்கரைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஒன்பதரைக்கு லுமுட், ஆறு கடலில் சேரும் இடம். கரை நெடுகப் புதுக் கம்பிவேலி. உள்ளே மண்மேடுகள், பாரந்தூக்கிகள், தூண் அடிக்கும் இடியோசை. ஆற்றை ஆழப்படுத்துவார்கள், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள் வரும், ஈப்போ சரக்குகள் கிள்ளானுக்கும் பினாங்குக்கும் போகாமல் இங்கேயே கப்பலேறும் என்கிறார்கள். நல்லதுதான். நான் கோப்பெங்கில் பிறந்தவன். ஈயம் இருந்தவரை எங்கள் ஊரும் ஒரு மையம்தான். இன்று, ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி, அவற்றில் தூண்டில் போடுகிறோம். மையம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் அந்தக் குளங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

படகுக்காரர் பாக் டின் மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுகிறார். வாடகை நூற்றிருபது வெள்ளி.

“அக்கா, ஜெட்டிகிட்ட போலே இல்ல லா, போகமுடியாது. வேலி போட்டாச்சு, ரோந்துப் படகு வரும்.”

“கிட்ட வேணாம். கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.”

பாக் டின் கலயத்தைப் பார்த்தார். “யாரு?”

“கயிறு புடிப்பாரே, கோபால்.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இயந்திரத்தை முடுக்கினார்.

நடு ஆற்றுக்கு வருமுன்பே கப்பலொன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அது கரை சேரும்வரை யாரும் குறுக்கே போகக் கூடாதாம். பாக் டின் ஒதுங்கி நின்று இயந்திரத்தை அணைத்தார். தூரத்தில் ஜெட்டி, அதன்மேல் மஞ்சள் சட்டைகள் தீக்குச்சி உயரத்தில். இதைவிடக் கிட்டே போகமுடியாது.

“இங்கயே” என்றார் அக்கா.

மணியம் கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்து, தான் கரைக்காமல் அண்ணியிடம் கொடுத்தார். அக்கா அதை நீரை ஒட்டிச் சாய்த்தார். சாம்பல் சற்று மிதந்து, பிறகு கரைந்தது. மணியம் பாலை ஊற்றினார். நான் பூவைத் தூவினேன். கப்பல் அருகில் வரும்போது நீர் ஒருமுறை எழும்பி எங்களைத் தாலாட்டிவிட்டு அடங்கியது.

“கப்பல் எவ்வளவு பெருசோ, மொதல்ல வர்ற கயிறு அவ்வளவு சின்னதுன்னு சொல்வாரு. அதோட நுனியிலதான் பெரிய கயிறு கட்டியிருக்குமாம். அந்தச் சின்னத விட்டுட்டா பெருசு வராதாம்” என்றார் அக்கா.

நான் வேலிக்கு உள்ளே எழும் பாரந்தூக்கிகளைப் பார்த்தேன். எல்லாம் பெரிய கயிறுகள். சின்னதை இந்த ஊர்க்காரர்களில் யார் கையில் வீசப்போகிறார்கள் என்று கேட்க அங்கே ஆளில்லை.

கப்பல் ஓரம் சேர்ந்தது. பாக் டின் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

“அண்ணி, இனிமே திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா அண்ணன் போகமாட்டாரு” என்றார் மணியம். நானும் முன்னாலேயே பார்த்து உட்கார்ந்தேன்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா எழுந்துவிட்டார். அவர் விழாமல் பிடிக்கத்தான் நான் திரும்பினேன். தூரத்து ஜெட்டியில் ஒரு மஞ்சள் சட்டை குற்றியிடம் குனிந்து, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியது.

ஆடும் படகில் கால்களை அகட்டி நின்று, சரோஜா அக்காவும் தன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.