மூலையில் நின்ற மூன்று செடிகள்

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் வாசல் வழியாக வரமாட்டார். ஏதாவது கொடுப்பதென்றால் வேலிக்கட்டை மேல் வைத்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். கனடாவில் அது மரியாதையாம். விருதுநகரில் இப்படி நடந்தால் இரண்டு வீட்டுக்கும் ஏதோ வழக்கு என்று தெருவே பேசும். எங்கள் பக்கத்து வீட்டு மனுவேல் போர்ச்சுகல்காரர், கட்டட வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு நான் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். அப்பா சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். அந்த மருந்து நெடி எனக்கு ஆகாது என்று விருதுநகருக்கு ஓடி, மிளகாய் வத்தல் மண்டியில் சாக்கு தைக்கச் சேர்ந்தேன். இருபது வயதில் தரம் பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கை அள்ளினால் போதும், எந்தக் காட்டு வத்தல், மழையில் நனைந்ததா, களத்தில் பாதி காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். சிவப்பில் ஒரு திட்டு வெளுப்பு கண்டாலும் சாக்கைத் தள்ளி வைத்துவிடுவேன். அந்தக் கண்ணை வைத்துத்தான் சொந்த மண்டி போட்டேன், மகனை இன்ஜினியர் ஆக்கினேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

மனைவி போன பிறகு மகன் இங்கே கூட்டிவந்தான். முதல் கோடையிலேயே மனுவேலுக்கு நெஞ்சில் ஆபரேஷன். போகுமுன் என்னைக் கூப்பிட்டு, தக்காளிச் செடிகளையும் தண்ணீர்க் குழாயையும் காட்டினார். மூலையில் தனியாக நின்ற மூன்று செடிகளிடம் போய், நெஞ்சில் கை வைத்து, "மை மதர்" என்றார். அவர் அம்மா கொடுத்த விதை என்று புரிந்துகொண்டேன். தலையாட்டினேன்.

மற்ற செடிகள் சிவப்பாகப் பழுத்தன. மூலைச் செடிகளின் பழங்கள் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கோணல்மாணலாகப் பெருத்து, மஞ்சளில் நின்றுவிட்டன. அடியிலிருந்து சிவப்பு கோடு கோடாக ஏறி, பாதியோடு சரி. ஒரு வாரம் பார்த்தேன். நிறம் கூடவில்லை. நோய் என்று என் கண் சொல்லிவிட்டது. விட்டால் எல்லாச் செடிக்கும் ஏறும். ஆபரேஷன் முடிந்து வருகிற மனுஷன் பட்டுப்போன தோட்டத்தையா பார்ப்பது? மூன்றையும் வேரோடு பிடுங்கி, காயும் இலையுமாகக் குப்பைத் தொட்டியில் அமுக்கினேன். மறுநாள் காலை நகராட்சி வண்டி அள்ளிப் போனது.

உடனே விருதுநகருக்குப் போன் போட்டு, மண்டியில் என்னோடு இருந்த சண்முகவேலிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அங்கன போயும் தரம் பிரிக்கீகளா அண்ணாச்சி? கூலியாவது குடுக்காகளா?" என்று சிரித்தான்.

மருமகள் ஒரு பழத்தை முன்பே பறித்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். பார்க்க அழகாக இருந்ததாம். நோய்ப்பட்ட பழம் உள்ளே எப்படியிருக்கும் என்று அவளுக்குக் காட்டத்தான் கத்தியை எடுத்தேன். அறுத்தேன். மஞ்சள் சதைக்குள் சிவப்பு விரிந்து கிடந்தது, சிவகாசித் தீப்பெட்டி லேபிளில் ஒரு மை ஓய்ந்து இன்னொரு மை தொடங்கும் இடம் மாதிரி. உப்புத் தொட்டு வாயில் போட்டேன். புளிப்பே இல்லை. ரசத்துக்கு ஆகாது. பழத்தின் தித்திப்பு, விழுங்கிய பிறகுதான் தக்காளி என்று தெரிந்தது. விதையும் கொஞ்சம்தான், வழவழவென்று நாக்கில் பட்டது. எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.

மருமகள் செல்லில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நோய் இல்ல. இந்தச் சாதியே ரெண்டு நிறமாத்தான் பழுக்குமாம். பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

கேட்டிருக்கலாம். ஐம்பது வருஷமாகச் சரக்கைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று வைத்திருந்தேன்.

மனுவேல் இளைத்துப்போய்க் கம்பு ஊன்றி வந்தார். மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பழமாவது மிச்சம் உண்டா என்று கேட்டார். வருஷா வருஷம் பழத்திலிருந்துதான் விதை எடுப்பாராம். போன வருஷத்து விதை முழுவதையும் விதைத்துவிட்டாராம், முளைத்தது அந்த மூன்றுதானாம்.

"அவுக அம்மா இப்ப உயிரோட இல்லையாம் மாமா. ஊர்லயும் இப்ப அந்த விதை வச்சிருக்க ஆள் கிடையாதாம்" என்றாள் மருமகள்.

சாரி என்றேன். பஸ்ஸில் தோள் இடித்தால் சொல்கிற சொல் அது. அதைவிடப் பெரியது என்னிடம் இல்லை.

மனுவேல் என்னைப் பார்த்தார். "யூ ஈட்?"

தலையாட்டினேன்.

"குட்?"

"அப்படி ஒண்ண என் ஆயுசுல தின்னதில்லய்யா" என்று தமிழிலேயே சொன்னேன். மருமகள் மொழிபெயர்க்குமுன் அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

சண்முகவேலுக்கு இன்றுவரை பாதிக் கதைதான் தெரியும். மீதியை இதில் படித்துக்கொள்ளட்டும்.

இப்போது வருஷந்தோறும் மருமகள் இருநிறத் தக்காளி விதைகளாகத் தேடி வரவழைக்கிறாள். எல்லாம் பழைய நாட்டுச் சாதிகள், வாயில் நுழையாத பெயர்கள். நான் வளர்க்கிறேன். பழுத்ததும் மனுவேலும் நானும் ஆளுக்கொரு துண்டு மெல்லுவோம். சிலது நல்ல பழம்தான். ஆனாலும் அவர் தலை இல்லை என்று ஆடுவதற்குள் என் தலை ஆடிவிடுகிறது. அந்த ருசி தெரிந்தவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கோ மறதி வந்துகொண்டிருக்கிறது. மண்டி முக்கில் இருபது வருஷம் தின்ற பரோட்டாவின் சால்னா எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நான் கண்ணால் காணாத ஒரு போர்ச்சுகல் கிராமத்தின் தக்காளி மட்டும் நாக்கில் அப்படியே நிற்கிறது.