ஜடையில் ஒட்டிய பஞ்சு

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் வேலம்பாளையத்தில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவுக்கு முன்பே என் கண் பெண்பிள்ளைகளின் ஜடைக்குத்தான் போகும். ஜடையில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். ஞாயிறோடு சனியும் சேரும், பிறகு வெள்ளியும் சேரும், அப்புறம் ஆளே வரமாட்டாள். கண்ணில் பட்ட பஞ்சையெல்லாம் நானே பிய்த்து எறிவேன். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? ஆனாலும் கை சும்மா இருக்காது.

அன்று காட்சிப்பொருள், கருத்துப்பொருள் பாடம். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, தொட முடிந்தவை இடப்பக்கம், தொட முடியாதவை வலப்பக்கம் என்றேன்.

"பசி இடப்பக்கமுங்க டீச்சர், இங்கதானுங்க இருக்குது" என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது.

முதல் பெஞ்சுக்காரி எழுந்து வந்து, வலப்பக்கம் 'ஆசை' என்று எழுதினாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம்; படிப்பில் படு கெட்டி. என்ன ஆசை என்று கேட்டேன்.

"பன்னெண்டாப்பு வரைக்கும் படிக்கணும் டீச்சர்."

அவள் ஜடையில் பஞ்சு இருந்தது. எடுத்துவிட்டேன்.

சில வாரங்களில் அவள் வருவது நின்றுபோனது. ஒரு மாலை அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மட்டும் பேசினார்.

"கைமடிக்கப் போயிருக்கா டீச்சர். டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்குத வேலதான். இந்த சீசன் முடிஞ்சதும் அனுப்பிருதேன்."

சீசன் முடிந்து திரும்பி வந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. படிப்பு, எதிர்காலம், மரியாதை என்று மூச்சுவிடாமல் பேசினேன். எல்லாம் வலப்பக்கத்துச் சொற்கள். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, சூடாக டீ கொடுத்தார். மூலையில் இடுப்பு ஒடிந்து அவர் கணவர் படுத்திருந்தார். பக்கத்தில் நூல் பிசிறு வெட்டுவதற்காக ஒரு மூட்டை பனியன் கிடந்தது. டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் இடத்துக்கு, பசியை வயிற்றில் காட்டியவள் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஜடையிலும் பஞ்சு. கையை நீட்டினேன். எதற்கு என்று தோன்றியது. அதே கையால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன்.