உள்ளங்காலுக்கு ஒரு பந்து

காலையில் எழுந்ததும் இந்த ஊரில் நான் முதலில் செய்வது ஒரு பந்தை மிதிப்பது. எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரியது, பச்சை நிறம், மேலெல்லாம் மழுங்கிய ரப்பர் முட்கள். நம் பக்கத்துத் தரிசில் காய்த்துக் கிடக்கும் ஊமத்தங்காயை நினைத்துக்கொண்டால் போதும். முட்கள் தொண்ணூற்றாறு. மூன்று தடவை எண்ணினேன். ஒரு தடவை மட்டும் தொண்ணூற்றைந்து வந்தது, அது என் கண்ணின் தவறாக இருக்கலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பந்தின் மேல் பாதத்தை அழுத்தி, குதிகாலிலிருந்து விரல் வரைக்கும், விரலிலிருந்து குதிகால் வரைக்கும், ஒவ்வொரு காலுக்கும் நூறு உருட்டு. நாற்பதில் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். எழுபதுக்கு மேல் கால் மரத்துவிடும். மகனும் மருமகளும் எழுவதற்குள் முடித்து, பந்தைத் தலையணை உறைக்குள் போட்டுவிட வேண்டும். எழுபத்துமூன்று வயதில் ஒளித்துவைத்து விளையாடுகிறேன்.

ஒளிப்பதற்குக் காரணம் என் மனைவி சரோஜா. மெல்பர்னுக்கு வந்து எங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிறது. எட்டாவது வருடத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் நல்லவர்கள். ஸ்பூனை வாயருகே கொண்டுபோவார்கள், இவள் உதட்டை மூடிக்கொள்வாள், நோட்டில் ‘பசியில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். வாழ்நாள் முழுக்கக் கையால் பிசைந்து சாப்பிட்டவளுக்குப் பல்லில் இரும்பு பட்டால் சோறு இறங்காது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு முறை விளக்கினேன். மறுநாள் பிளாஸ்டிக் ஸ்பூன் வந்தது. அதனால் மத்தியானம் நான் டிபன் கேரியரோடு போய் என் கையால் ஊட்டுகிறேன். வீட்டிலிருந்து, நான் எண்ணி நடந்த கணக்கில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது காலடி. அந்தத் தெருவில் பஸ் கிடையாது. பகலில் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். டாக்சி வேண்டுமென்றால் மகன் போனில்தான் சொல்ல வேண்டும், சொன்னால் ஏன் என்பான்.

“நீங்க போறதுனாலதாம்பா அம்மா அவங்க கையில சாப்புட மாட்டேங்குது. ஒரு மாசம் நின்னு பாருங்க, தானாப் பழகிரும்” என்பது அவன் கட்சி. கெட்ட பிள்ளை இல்லை, ஞாயிறு தவறாமல் என்னையும் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறவன். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் போகாமலிருந்தபோது அவள் இரண்டு கிலோ இறங்கியிருந்தாள். ஒரு மாதத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

திண்டுக்கல்லில் நான் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்தவன். நாகல் நகரிலிருந்து சின்னாளப்பட்டி வரைக்கும் என் கால் படாத சந்து குறைவு. சித்திரை வெயிலில் தார் இளகி செருப்பை இழுக்கும். ஒரு நாள்கூடக் கால் வலி என்று உட்கார்ந்ததில்லை. சின்னாளப்பட்டியில் ஒரு அம்மாள் மோர் கொடுத்துவிட்டு, “ஏப்பு, ஒரு இருபது யூனிட்டக் கொறச்சுப் போட்டா ஒங்க கை தேஞ்சா போயிரும்?” என்று கேட்டாள். மோரைக் குடித்தேன், உள்ளதைத்தான் எழுதினேன். அடுத்த முறை போனபோது மோர் இல்லை, நாய் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. எண்ணில் பொய் எழுதியதில்லை என்பது ஒன்றுதான் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சரோஜா கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தன வீடு?” நூற்றுப் பன்னிரண்டு என்பேன், தொண்ணூறு என்பேன். ஒரு நாள் உடம்பு முடியாமல் பாதியில் மரத்தடியில் படுத்துவிட்டு வந்து, நூற்று இருபது என்றேன். அவள் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள். தூசி கம்மி. உள்ளே போய் மிளகுக் கஷாயம் வைத்து எடுத்துவந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவளிடம் தங்கியிருக்கும் நாலைந்து சொற்களில் ஒன்று ‘எத்தன’. நான் அறைக்குள் நுழைந்ததும் கேட்பாள். வீட்டுக் கணக்குக்குப் பதில் அடிக் கணக்கைச் சொல்வேன். தலையாட்டிவிட்டு வாயைத் திறப்பாள்.

நாலு மாதத்துக்கு முன் குதிகாலில் ஆணி அடித்தாற்போல ஒரு வலி பிடித்தது. மகன் பிசியோதெரபி பார்க்கும் ஒரு இளம்பெண்ணிடம் கூட்டிப்போனான். அவள் காலைத் தொடும் முன்பே, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். நம் ஊரில் டாக்டர் எண் கேட்பதில்லை. கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் ‘பரவால்லைங்க’ என்போம், அவர் நம்ப மாட்டார். இவள் நம்பினாள். மகன் பக்கத்தில் நின்றதால் நான் மூன்று என்றேன். ரொம்ப நல்லது என்று சிரித்தாள், மூன்றுக்கு உரிய வைத்தியமாக இந்தப் பந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒன்பதுக்கு என்ன வைத்தியமோ, எனக்குத் தெரியாது. பந்து தப்பில்லை. மூன்றுக்கு நிச்சயம் கேட்கும். நாலு மாதமாகியும் அதை உருட்டுவதைப் பார்த்தால், மூன்று இல்லை என்று மகன் கண்டுபிடித்துவிடுவான்.

ஊரில் இருக்கும் தங்கை பாக்கியத்துக்கு மட்டும் போனில் சொன்னேன். “இம்புட்டுத் தூரம் போயி பந்து வெளாடுறியாக்கும்” என்றாள். “செங்கலச் சுட வச்சு, மேல எருக்கலை எலையப் போட்டு, குதிகால வச்சு மிதிண்ணே. மூணே நாளு.” எருக்கு இங்கே எங்கே கிடைக்கும் என்றேன். “அப்ப எதுக்கு அந்த ஊர்ல இருக்க?” என்றாள்.

போன சனிக்கிழமை மகனும் மருமகளும் கடைக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டேன். தோட்ட வரப்பிலிருந்து ஒரு செங்கலைப் பெயர்த்து மின்சார ஓவன் அடுப்பில் இருபது நிமிடம் வைத்தேன். எருக்குக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை. செங்கலைத் தரையில் வைத்து இலையைப் போட்டதும் புகை எழும்பியது, கூரையில் இருந்த அலாரம் தெருவுக்கே கேட்கும்படி அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, சமையலா என்றார். இல்லை, என் காலுக்கு என்றேன். செங்கலையும் கோஸ் இலையையும் என் வெறுங்காலையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்து போனார். அலாரத்தை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் நான் அதன் கீழேயே நின்றிருந்தபோது மகன் வந்துவிட்டான்.

கிளினிக்கில் கொடுத்த தாளைக் காட்டி, “பாரு, மூணுதான் போட்டிருக்காங்க” என்றேன்.

“மூணுக்கா செங்கலச் சுட்டீங்க?” என்றான். “இனி நீங்க நொண்டுறத ஒரு தடவ பாத்தேன்னா, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் அம்மாவப் பாக்கப் போறது. அம்புட்டுத்தான்.”

வாசல் மணியில் ஒரு கேமரா இருக்கிறது. அவன் ஆபீஸிலிருந்தே போனில் அதைப் பார்ப்பான். கதவிலிருந்து தெரு முனை வரை முப்பத்தொரு அடி அதன் கண்ணில் படும். நேற்று திங்கட்கிழமை. அந்த முப்பத்தொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். முனை திரும்பியதும் ஒரு வேலியைப் பிடித்து நின்றுவிட்டேன். வலி கூடினால் எட்டிவைக்கும் தூரம் சுருங்கும், தூரம் சுருங்கினால் அடி கூடும். இல்லத்தின் கதவைத் தொடும்போது இரண்டாயிரத்து அறுநூற்று நாலு.

சரோஜா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். “எத்தன?” என்றாள்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது” என்றேன். இந்த ஊர் நடைபாதையில் ஷூவில் தூசி ஒட்டுவதில்லை. பொய் சொல்ல வசதியான ஊர்.

ரசஞ்சாதத்தைப் பிசைந்து நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபதுக்கு வருகிறவன் பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு வந்திருந்தேன். பிறகு என் ஷூவைப் பார்த்தாள். வாய் மூடியே இருந்தது. ஸ்பூனுக்கு மூடிய வாயை என் கைக்கு அவள் மூடியதே இல்லை. விரலிடுக்கில் ரசம் வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது.

“ஒரு வாய் வாங்கிக்க சரோஜா.”

“பொய்யி” என்றாள்.

“சரி. ரெண்டாயிரத்து அறுநூத்தி நாலு.”

திறக்கவில்லை. விளங்கும் இடது கையைத் தூக்கி என் காலைக் காட்டினாள். “எத்தன?”

அறைக்கு வெளியே யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஒம்பது” என்றேன். யாரிடமும் சொல்லாத எண். சொன்ன பிறகுதான் அது அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். பதினோரு கவளம் சாப்பிட்டாள். பன்னிரண்டாவதைத் தலையைத் திருப்பி மறுத்துவிட்டு, “நாள வேணாம்” என்றாள்.

“வருவேன்.”

“வேணாம்.”

இன்று நான் போனால் அவள் வாயைத் திறப்பாளா என்று தெரியவில்லை. போகாவிட்டால் திறக்க மாட்டாள் என்பது தெரியும். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். கோட்டுப் பையில் பந்து இருந்தது. இரண்டு ஷூவையும் அவிழ்க்கத் தெம்பில்லை, வலதை மட்டும் கழற்றிப் பந்தைக் காலடியில் போட்டு உருட்டினேன். முப்பதைத் தாண்டியபோது சரோஜாவின் இடது பாதம் நாற்காலிப் பலகையிலிருந்து மெல்ல இறங்கி என் பாதத்தின் மேல் வந்து நின்றது. கல்யாணமான இந்த நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் கால் என் மேல் தெரியாமல் பட்டுவிட்டால்கூட உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நேற்று விளங்கும் இடது கைகூட மடியிலேயே கிடந்தது. காலை அழுத்தினாள்.

தட்டெடுக்க வந்த பெண், காலுக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அதே ஆங்கிலத்தில் சொன்னேன். சரோஜாவுக்கு அந்த மொழி தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். என் இடது கால் நாடா கட்டிய ஷூவோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கால் அந்தப் பச்சை முள்ளுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே இருந்தது. எத்தனையாவது உருட்டில் நிறுத்தினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.