ஆச்சு

சுத்தியலை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்ற வாக்கிலேயே நாலு வாய் களியை விழுங்கிவிட்டு, ரங்கம்மா மறுபடி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஓசூர் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவர்களில் இப்படி ஒருத்தியை மேஸ்திரி கோவிந்தப்பன் பார்த்ததில்லை. உட்கார்ந்து உடைப்பாள், தின்ன மட்டும் எழுந்து நிற்பாள். கல்லை ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்பாள். விரிசல் எங்கே ஓடுகிறதென்று தெரிந்துவிடும். அடுத்த அடிக்குக் கல் வெந்த கிழங்கு மாதிரி பிளந்துகொள்ளும்.

"சாப்டியா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆச்சு." விடியற்காலையில் கேட்டாலும் ஆச்சுதான். பக்கத்துக் குவியல் மாரம்மா சிரிப்பாள்: "அக்காவப் பாடையில வெச்சிக் கேட்டாலும் ஆச்சும்பா!"

ஆடி மாதம் ஒரு நாள் தோள் குத்துகிறது என்றாள். மேஸ்திரி தன் வலி மாத்திரையை எடுத்தார்.

"வெறும் வயித்துல போடக் கூடாது. சாப்டியா?"

"ஆச்சுங்க மேஸ்திரி."

ஒரு மணி நேரத்தில் ஜல்லிக் குவியல் மேலேயே ரத்தமாகக் கக்கினாள். லாரியை நிறுத்தி ஏற்றி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்.

"பொய் ஏண்டி சொன்னே?" என்றார் மேஸ்திரி.

"பொய்யில்லீங்க. வாயி அதுவா சொல்லிடுது."

ஆறு வயதில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சாணி அள்ள விட்டார்களாம். அந்த வீட்டம்மா கன்னடத்தில், "ஊட்டா ஆயித்தா?", சாப்பாடு ஆச்சா, என்பாளாம். "இல்லேன்னு சொன்னா அடுத்த வேளையும் கெடையாதுங்க. உக்காந்து தின்னா, கூப்புட்ட கொரலுக்கு எந்திரிக்க நேரமாவும். சூடு வெப்பாங்க." அஞ்சு வருசம் அங்கே இருந்தாளாம். ஊர்ப் பஞ்சாயத்துக் கதை சொல்வது மாதிரி சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"இது அந்தப் பசியும் பயமும் போட்ட புண்ணும்மா. நாப்பது வயசு ஒடம்பு, உள்ள அறுபது ஆயிடுச்சு. இத வெச்சிக்கிட்டா கல்லு ஒடைச்சே?" மேஸ்திரியிடம் திரும்பினார். "வேளைக்கு உக்காந்து சாப்பிடணும். இன்னொரு தடவ ரத்தம் வந்தா என் கையில இல்ல."

மேஸ்திரி கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். இத்தனை பெரிய விரிசலை உள்ளே வைத்துக்கொண்டா இவள் ஊர்க் கல்லையெல்லாம் பிளந்தாள்!

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். உச்சிவெயில். வழக்கம்போல ரங்கம்மா எழுந்தாள், சுத்தியல் கக்கத்துக்குப் போயிற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மேஸ்திரி கூப்பிட்டார்.

"ரங்கம்மா, சாப்டியா?"

மாரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மற்ற சுத்தியல்களும் ஓய்ந்தன.

"ஆ..." என்றாள் ரங்கம்மா. திறந்த வாய் அப்படியே நின்றது. மேஸ்திரியைப் பார்த்தாள். பிறகு சுத்தியலை உருவி ஜல்லி மேல் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குப்போசியை மடிக்கு இழுத்து மூடியைத் திறந்தாள்.