முள்ளம்பன்றி வீட்டுக்குப் போகல

இன்னிக்கு பள்ளிவாசல்ங்கிற மலையூர் பக்கத்துல ஒரு எஸ்டேட் ஸ்கூல்ல கதை நாடகம் போட்டேன். நான் கதை சொல்லுவேன், பிள்ளைங்களும் கூடச் சேர்ந்து நடிப்பாங்க.

மழைக்குப் பயந்து ஒரு முள்ளம்பன்றி வளையை விட்டு ஓடுது. பிள்ளைங்க உள்ளங்கையில விரலால தட்டுறதுதான் மழை. நான் கையைத் தூக்கினா மழை நிக்கும். முள்ளம்பன்றி வீட்டுக்குப் போகும், கதை முடியும்.

கையைத் தூக்கினேன். மழை நின்னுது.

"முள்ளம்பன்றி இப்ப வீட்டுக்குப் போலாமா?"

போன வாரம் எலப்புள்ளியில இதுக்கு "போலாம்"னு கூரை பிச்சுக்கிற மாதிரி கத்தினாங்க. இங்க மொத்த ஹாலும் "கூடாது"ன்னு சொல்லுது.

முன்னாடி இருந்த ஒரு ரெண்டாங்கிளாஸ் பொண்ணு பொறுமையா விளக்கினா. "மழ நின்னா மட்டும் பத்தாதுக்கா. வில்லேஜ் ஆபீசர் வந்து சொல்லணும். அதுவர கேம்ப்லதான் இருக்கணும்."

டீச்சர் அப்பதான் என் காதுல சொல்றாங்க, போன வருஷம் மலை சரிஞ்சப்ப ஊர்ச் சனம் தங்கின கேம்ப் இந்த ஹால்தானாம்.

எனக்கு எப்படியாவது கதையை முடிச்சாப் போதும்னு ஆயிடுச்சு. நோட்டைக் கக்கத்துல இடுக்கிட்டு நானே வில்லேஜ் ஆபீசர் ஆனேன். "எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

அந்தப் பொண்ணு விடல. "வீடு இருக்கான்னு பாத்துட்டு வந்தீங்களா ஸார்?"

நான் நோட்டைப் புரட்டுற மாதிரி நடிச்சேன். ரொம்ப நேரம் நடிச்சேன்.

நாளைக்கு சக்குபள்ளத்துல இதே கதைதான். வேற முடிவு யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க, கெஞ்சிக் கேக்குறேன். முள்ளம்பன்றி இன்னும் கேம்ப்லதான் இருக்கு.