என் ஏகாதசியும் நாலு சுரப்பிகளும்

தைராய்டு கட்டியை எடுத்த பிறகு தில்லைநகர் டாக்டரம்மா சொன்னார்: "தைராய்டுக்குப் பின்னாடி அரிசி அரிசியா நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்குங்க. ஆபரேஷன்ல மயங்கிக் கிடக்கு. முழிச்சுக்கிட்டா கால்சியம் மாத்திரையை நிறுத்திடலாம். இல்லேன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்."

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக இதே பாடத்தை நடத்தியவள் நான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பிகளின் ஹார்மோன் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டியை முடுக்கிவிட்டுக் குடலை இன்னும் உறிஞ்ச வைக்கும். போதுமென்றால் தானே அடங்கிவிடும். கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டிருப்பேன்! என் கழுத்திலேயே அது படுத்துவிடும் என்று கண்டேனா?

பாடம் நடத்தியவள் என்ற திமிர் வேறு. ஏகாதசி வந்தது. மாத்திரை உறையில் 'சாப்பிட்ட பின்' என்று எழுதியிருந்தது. உபவாசத்தன்று சாப்பாடு ஏது? மாத்திரையையும் விட்டுவிட்டேன். மத்தியானம் உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல்நுனிகள் மரத்துப்போயின. சாயங்காலம் பெருமாளுக்கு விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தால், விரல்கள் குவிந்து மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. விரிக்கவே முடியவில்லை. பயந்து போனேன்.

"என்னடி, அபிநயமெல்லாம் பிடிக்கற?" என்று கேட்டபடி வந்த என் கணவர், முகத்தைப் பார்த்ததும் ஆட்டோ பிடிக்க ஓடினார். காவேரிப் பாலம் தாண்டும்வரை "ரங்கா, ரங்கா" என்பதைத் தவிர இரண்டு பேர் வாயிலும் வேறு பேச்சில்லை.

நரம்பில் கால்சியம் ஏற ஏற விரல்கள் விரிந்தன. டாக்டரம்மா விடவில்லை. "நீங்க உபவாசம் இருக்கலாங்க டீச்சர், உங்க ரத்தம் இருக்குமா? சுரப்பி முழிச்சிருந்தா எலும்புலேர்ந்து எடுத்துச் சமாளிச்சிருக்கும். இப்ப அதோட வேலையையும் மாத்திரைதானே பார்க்குது!"

மறுநாள் வீடு திரும்பியதும் துவாதசிக்கு அகத்திக்கீரை. "இதுலயும் கால்சியம் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "கீரை கிடக்கட்டும், முதல்ல இதை முழுங்கு" என்று மாத்திரையை நீட்டினார் கணவர்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் பெருமாளைப் பாடாய்ப்படுத்தினேன். ஒருநாள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். "முழிச்சுக்கிச்சுங்க டீச்சர்!" அங்கேயே அழுதுவிட்டேன். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

அடுத்த ஏகாதசிக்கு, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான், உபவாசம் இருந்தேன். சாயங்காலம் தீக்குச்சியை உரசினேன். கை மடங்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் உபவாசம், உள்ளே அந்த நாலும் வேலைக்குப் போயிருந்தன! அந்தச் சந்தோஷத்தில் திரியை மறந்துவிட்டேன். தீ விரலைச் சுட்டது. சுரீரென்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு குச்சியை எடுத்தேன்.