பெயர், ஊர், இருக்கும் வீதி

தமிழில் இளைஞர்களுக்கென்று தொலைக்காட்சியில் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று தொடங்கியபோது, அதைத் தொகுத்து வழங்க என்னைப் பிடித்துப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அதைப் பார்க்க எங்கள் வீட்டு ஹோலில் வந்து குந்திவிடும். எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

நிகழ்ச்சி ஒரு கதம்பம். பாட்டு, பொது அறிவுப் போட்டி, நேயர் கடிதம், யாராவது ஒருவரின் தனித்திறமை என்று எல்லாம் இருக்கும். பதிவு நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒரு வாரம் ஒளிபரப்பானதை அடுத்த வாரமே அழித்து அதன்மேல் பதிவோம். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக ஞாபகமில்லை.

வானொலியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் ஒன்றும் இருந்தது. பங்குபற்றுபவர் கமராவைப் பார்த்துத் தன் பெயர், சொந்த ஊர், இப்போது இருக்கும் வீதி மூன்றையும் சொல்ல வேண்டும். உறவினர் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள் என்று நாங்கள் அதை விடாமல் வைத்திருந்தோம்.

ஒருநாள் பலகுரல் செய்ய ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வெள்ளவத்தை வழியே காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் சிங்களத்தில் கூவி ஆளேற்றுவதை அவன் செய்து காட்டியபோது கமராக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, படம் ஆடிவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த இடைவெளியில் அவன் என்னிடம் வந்தான்.

“அக்கா, இருக்கிற றோட்டைச் சொல்லாமல் விடட்டோ?”

“ஏன் தம்பி? எல்லாரும் சொல்லினம்தானே. கண்டக்டர் மாதிரிக் கத்தேக்க வராத வெக்கம் இதுக்கு மட்டும் வருதோ?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுப் போய், கமராவுக்கு முன்னால் நின்று மூன்றையும் சொன்னான்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழரை வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டும்; பதியாதவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவனை இன்னும் பதிந்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் பதிவு என்று ஒன்று இருப்பது கொழும்பில் எந்தத் தமிழருக்குத் தெரியாது? அப்பாவின் சொந்த வீட்டில் சொகுசாக இருந்தவளுக்கு அந்தப் பயம் மண்டையில் ஏறவில்லை. அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறு ஒளிபரப்பானது. செவ்வாய்க்கிழமை, அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, அவனைப் பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போட்டினம். ரீவியில றோட்டைச் சொன்னதைக் கேட்டுத்தான் வந்தவையாம். எங்கை வைச்சிருக்கினமெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை.”

தயாரிப்பாளரிடம் ஓடினேன். அவர் தெரிந்த சிலருடன் பேசிப் பார்த்தார், பலனில்லை. அடுத்த கிழமையிலிருந்து பங்குபற்றியவர்கள் பெயரை மட்டும் சொன்னார்கள். ஏன் என்று கேட்டு நேயர் ஒருவர்கூட எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து அவனுடைய தாய் என்னைத் தேடி நிலைய வாசலுக்கு வந்தார். மகன் வந்த நிகழ்ச்சியை ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஊரில் அன்று கரண்ட் இல்லாததால் அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த நாடாவில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறிச் சொன்னேன்.

“அப்ப நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. மெலிஞ்சு போனானோ?”

“இல்லையம்மா. நல்லா இருந்தவர்.”

“சிரிச்சவனோ?”

“ஓம். எங்கள் எல்லாரையும் சிரிக்க வைச்சவர்.”

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுக்கப் பார்த்தேன், விடவில்லை.

“சின்னனிலை இருந்தே கவனமான பிள்ளை. வெளியில ஒரு சொல்லுக் கதைக்கமாட்டான். பிறகேன் பிள்ளை, போயும் போயும் ரீவியில இருக்கிற இடத்தைச் சொன்னவன்?”

“தெரியாதம்மா,” என்றேன்.